ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை ஒதுக்காதீர்கள்

பல் துலக்கித் துப்பும்போது ரத்தம் கண்டால், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பலரும் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வார்கள். "பிரஷ் குத்திருக்கும், ரெண்டு நாளைக்கு விரலால தேய்" என்று அப்பத்தாவும் சொல்லிவிடுவார். உண்மையில் அதுதான் இன்னும் கவனமாகத் துலக்க வேண்டிய இடம்.

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிகள் வழவழப்பான படலமாகப் படியும். அதை எடுக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சில நாட்களில் காரையாகிவிடும். நம் பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு மாதிரிதான், இறுகிய பிறகு தேய்த்தால் வராது. ஈறு சிவந்து வீங்கும் கட்டத்தில் கவனித்தால் முழுவதும் குணமாகும். அதைத் தாண்டிப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைய ஆரம்பித்தால், கரைந்தது பெரும்பாலும் திரும்பாது. இவ்வளவும் வலியே இல்லாமல் நடக்கும் என்பதுதான் வம்பு.

படி 1: பிரஷ்ஷும் பேஸ்ட்டும்

'சாஃப்ட்' என்று போட்ட பிரஷ் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். செங்கல் தூள், அடுப்புக்கரி வேண்டாம், பல்லை அராவிவிடும். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' சரிதான். ஆனால் கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்துக்குக் குச்சி எட்டாதே!

படி 2: ஓரத்தைத் துலக்குவது

கண்ணாடி முன் நில்லுங்கள். பிரஷ்ஷைப் பல்லுக்கு நேராக வைக்காமல், நார் நுனி ஈறு ஓரத்தைத் தொடும்படி 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். அழுத்தாமல், இரண்டு பல் அகலத்துக்குள் சின்னச் சின்னதாக அசைத்து, அப்புறம் அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். வெளிப்பக்கம் முடிந்ததும் உள்பக்கம். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை மறக்கவே கூடாது, காரை அதிகம் சேர்வது அங்கேதான். அதற்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்தால் சுலபம். மொத்தம் 2 நிமிடம், காலையும் இரவும். இப்படிச் செய்தால் ஓரிரு வாரத்தில் ரத்தம் குறைய வேண்டும்.

படி 3: பல் இடுக்கு

கறி விருந்து முடிந்ததும் ஊக்கைத் தேடாதீர்கள், ஈறு கிழியும். மருந்துக்கடையில் பல் இடுக்குக்கென்றே சின்ன பிரஷ் கிடைக்கும். இடைவெளி நெருக்கமாக இருந்தால் ஃபிளாஸ் நூல். தினம் ஒரு தடவை, இரவில் துலக்குவதற்கு முன் செய்துவிடலாம்.

படி 4: இரவில் கடைசியாகத் துலக்குவது

சீயமோ கந்தரப்பமோ சாப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும்.

படி 5: வெற்றிலைப் பெட்டி

கல்யாண வீட்டில் தாம்பூலத்தை வாங்கிக்கொள்ளுங்கள், மரியாதை அது. மெல்லும் பழக்கம்தான் வேண்டாம். புகையிலை சேர்க்காத பாக்கும் வாய்ப்புற்றுநோயை வரவழைக்கும். சிகரெட் இன்னும் மோசம்: ஈறு நோயை வளர்த்துவிட்டு, ரத்தக் கசிவைக் குறைத்து நோயையும் மறைத்துவிடும்.

படி 6: சர்க்கரையும் மாத்திரையும்

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படுவதும் சிரமம். கர்ப்ப காலத்திலும் ஈறு சட்டென்று வீங்கும். அம்லோடிபின் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகளும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயினும் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 7: காரை எடுப்பது

காரையை வீட்டில் எடுக்க முடியாது, பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். "க்ளீன் பண்ணினா பல்லு ஆடும்" என்ற பயம் நம் பக்கம் நிறைய உண்டு. ஏற்கெனவே எலும்பு போன பல்லைக் காரை பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். சில நாள் கூச்சம் இருக்கும், அடங்கிவிடும். புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள், காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். பல் ஆடினாலோ, ஈறில் சீழ் வந்தாலோ, இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே போங்கள். போகும்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.