அண்ணன் போட்டுக் கொடுத்த மெயில்: கல்லூரிக்குப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து கலந்தாய்வு முடிகிற வரை கடையில் உட்கார இடம் இருக்காது. பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், குன்றக்குடி என்று சுற்று ஊர்ப் பிள்ளைகள் சான்றிதழ்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அம்மாவோடோ அப்பத்தாவோடோ வருவார்கள்.

இந்த வருஷம் வந்த ஒரு பெண்ணிடம் "மெயில் ஐடி சொல்லும்மா" என்றேன். "அண்ணன் போட்டுக் குடுத்துச்சுக்கா. பாஸ்வேர்டு அதுக்குத்தான் தெரியும்." அண்ணன் எங்கே என்றால், சிங்கப்பூரில். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே பதிலை 17 வயதில் நானும் இதேபோல ஒரு கடையில் நின்று சொல்லியிருக்கிறேன்.

பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, தெரியாதவரோடு பேசாதே, போனைக் குறை என்பதெல்லாம் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டுக் கேட்டு உங்களுக்குப் புளித்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளும் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அடுத்தவர் மெயிலில், அடுத்தவர் நம்பரில் விண்ணப்பிப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நினைத்தால் மனசு ஆறாத தவறு இது.

முதலில் என் கதை. எனக்கு மெயில் ஐடி போட்டுக் கொடுத்தது பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒரு அண்ணன். நல்ல மனுஷர்தான். தன் நம்பரையே மீட்பு எண்ணாகக் கொடுத்துவிட்டார். பட்டப்படிப்பு முடித்து ஒரு கம்பெனி நேர்காணலில் தேறினேன். வேலைக்கான கடிதம் மெயிலில் வரும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மீட்கப் போனால், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிகிற ஒரு நம்பருக்குக் கோடு அனுப்பியிருப்பதாகக் காட்டியது. தேடிப் போனால் கடையை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. புது மெயில் போட்டு அந்தக் கம்பெனிக்கு நான் எழுதி முடிப்பதற்குள், சேர வேண்டிய தேதி தாண்டிவிட்டது.

இவ்வளவும் பட்ட பிறகு அதையே நான் இன்னொரு பிள்ளைக்குச் செய்தேன். அதுதான் பொறுக்கவில்லை.

2022இல் ஒரே நேரத்தில் 15 பிள்ளைகளுக்குப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்து கொடுத்தேன். பலரிடம் மெயில் இல்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லோருக்கும் நானே மெயில் போட்டு, என் நம்பரைக் கொடுத்து, பாஸ்வேர்டுகளை என் டைரியில் எழுதி வைத்தேன். அது உதவி என்றுதான் அப்போது நினைத்தேன். டைரி கடை மேசை டிராயரில் இருந்தது.

அவர்களில் ஒரு பையன் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவனுக்கு இடம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் வந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாமே அரசு கட்டும். அப்பா கொத்தனார். அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த கெடுவுக்குள் லாகின் செய்து, ஏற்றுக்கொள்கிறேன் என்றோ, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்றோ உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த இடம் கைவிட்டுப் போகும். லாகின் செய்ய அந்த மெயிலும் பாஸ்வேர்டும் வேண்டும்.

அந்த நாட்களில் என் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். போனில் சார்ஜ் இல்லை, கவனிக்கவும் இல்லை. மறுநாள் மாலை போட்டுப் பார்த்தால் அவனிடமிருந்து 23 மிஸ்டு கால். பக்கத்து டீக்கடைக்காரர் பிறகு சொன்னார்: இரண்டு நாளும் காலையில் வந்து, ஷட்டருக்கு எதிரே சைக்கிளை நிறுத்திவிட்டு, பூட்டையே பார்த்துக்கொண்டு இருந்தானாம். நான் கூப்பிட்டபோது கெடு முடிகிற 5 மணி தாண்டியிருந்தது. "பரவாயில்லைக்கா, அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டான். அந்த வருஷம் பி.எஸ்சி. சேர்ந்தான்.

அதிலிருந்து என் கடையில் ஒரே விதி. மெயிலைப் பிள்ளை தன் கையால் போட வேண்டும். நம்பர் அந்த வீட்டில் தினமும் இருக்கிற போனுடையதாக இருக்க வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருந்தால் அவர் விட்டுப்போன சிம் கூடாது. 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அந்த எண்ணை முடக்கி, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் ஓடிபி யாரோ ஒருவருக்குப் போகும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, சாதிச் சான்றிதழ் இருக்கிற அதே உறையில் வையுங்கள். திருடன் வந்து எடுப்பான் என்ற பயத்தைவிட மறந்துபோகும் என்ற பயம்தான் இந்த வயதில் நியாயமானது. மெயில் போட்டதோடு விடாமல் வாரம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். இரண்டு வருஷம் தொடாத கணக்கை கூகுள் அழித்துவிடலாம்.

ரிசல்ட் வரை காத்திருக்க வேண்டாம். இதைப் பிளஸ் ஒன்னிலேயே செய்துவிடலாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கப்போகிற பிள்ளைகள் ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

மெயில் ஐடியில் பட்டப்பெயர்

வேண்டாம். பெயரும் இனிஷியலும் போதும்.

ஹால் டிக்கெட்டை ஸ்டேட்டஸில் போடுவது

பதிவெண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தால் உங்கள் மதிப்பெண்ணை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பிறகு "உங்க மார்க்குக்கு சீட் இருக்கு" என்று போன் வந்துகொண்டே இருக்கும். அட்மிஷன் ஏஜெண்டுகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ரீல்ஸ் பார்த்து விருப்பப் பட்டியல் போடுவது

பொறியியலுக்கான கட்-ஆஃப் கணக்கு எளிதானது. கணிதம் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதியாக, மொத்தம் 200க்கு. 90, 80, 84 என்றால் 90+40+42, அதாவது 172. இதைக்கூடப் போடாமல், "இந்தக் கட்-ஆஃபுக்கு இந்தப் பத்து காலேஜ்" என்று எவரோ சொன்னதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். போன வருஷங்களில் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், எந்தச் சாதிப் பிரிவினருக்கு எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்பது கலந்தாய்வுத் தளத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள்.

இன்னொன்று. ரீல்ஸில் பணம் கொடுத்து வருகிற கல்லூரிகள் உண்டு. நம் ஊரில் 1952இல் தொடங்கிய அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரி அப்படி வராது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வேதி-மின்வேதிப் பொறியியல் பி.டெக். படிக்கலாம் என்பதும் இங்கேயே பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸில் வருகிறார்கள்.

பிறந்த வருஷத்தை மாற்றிப் போடுவது

இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழே இருந்தால் டீன் கணக்காக வைப்பார்கள். அது தானாகவே பூட்டிய கணக்காக இருக்கும், தொடர்பில் இல்லாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. "சின்னப் பிள்ளை கணக்கு" என்று வெட்கப்பட்டு வருஷத்தைக் கூட்டிப் போட்டால் இந்தக் காவல் எல்லாம் போய்விடும். 16 வயதுப் பெண்ணை 21 என்று நம்பி வருகிறவர்களும் வருவார்கள்.

பூட்டிய வீட்டை வீடியோவில் காட்டுவது

இது நம் பக்கத்துக்கே உரிய தவறு. செட்டிநாட்டு வீடுகளில் பல, கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் மட்டும் திறப்பவை. போன தையில் ஒரு ஆச்சியின் பேத்தி முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை நடந்து ஒரு வீடியோ போட்டாள். ஆத்தங்குடிக் கல் தரை, பர்மாத் தேக்குத் தூண், அலமாரிக்குள் வெள்ளிச் சாமான், எல்லாம் அழகாக இருந்தது. கடைசியில் "நாளைக்கு எல்லாரும் சென்னை கிளம்புறோம், இனி அடுத்த வருஷம்தான்" என்றும் சொல்லியிருந்தாள். வீட்டில் வாட்ச்மேன் தாத்தா ஒருவர்தான். ஆச்சி பதறிப்போய் என்னிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். அழகைக் காட்டுங்கள், ஊருக்குப் பெருமைதான். ஆனால் தெருப்பெயர், பூட்டு, எந்தத் தேதியில் ஆள் இருக்காது என்பது வெளியே போக வேண்டாம்.

சேருமுன்பே சீனியர்கள் குழுவில் சேர்வது

அவசரப்பட வேண்டாம். யாருடைய குழு, யார் அட்மின் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடுக்க 1997லேயே சட்டம் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் ஜூனியர்களை மிரட்டுவதும் ராகிங்தான். 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு உதவி எண்ணைச் சேமித்து வையுங்கள்.

மிரட்டினால் பணம் அனுப்புவது

படத்தை வெளியிடுவேன் என்று யாராவது மிரட்டினால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்த நாளும் கேட்பான். சாட்டை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். 18 வயது ஆகவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. அந்த வயதில் எடுத்த படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையும் உண்டு. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை, அதன் அடையாளக் குறியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள், அப்புறம் கூட வருவார்கள். அதுவும் முடியவில்லை என்றால் என் கடைக்கு வாருங்கள். ஷட்டர் இறங்கியிருந்தால் டீக்கடையில் சொல்லுங்கள். என் வீட்டு நம்பர் இப்போது அவரிடமும் இருக்கிறது.