போர்க்காலப் படச்சுருளில் தெரிவது எந்த ஷெர்மன்?

இரண்டாம் உலகப் போர்க் காட்சிகளில் அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கி அடிக்கடி வரும். ஆனால் அது எம்4ஏ1-ஆ, எம்4ஏ4-ஆ என்று கேட்டால் பலர் தடுமாறுவார்கள். இந்த எண்களைப் பழசு, புதுசு என்ற வரிசையாக எடுத்துக்கொள்வதே முதல் காரணம். அவை குறிப்பது எஞ்சினையும் உடல் கட்டுமானத்தையும்தான். எம்4-க்கு வெல்டிங் உடல், காண்டினென்டல் ரேடியல் எஞ்சின். ஏ1-க்கு அதே எஞ்சின், வார்ப்பு உடல். மற்ற மூன்றும் வெல்டிங் உடல்: ஏ2-வில் இரட்டை ஜி.எம். டீசல், ஏ3-இல் ஃபோர்டு வி8, ஏ4-இல் ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகக் கட்டிய கிரைஸ்லர் மல்டிபேங்க். அதனால் கண் முதலில் போகவேண்டியது பீரங்கிக்கு அல்ல, உடலுக்கு.

அதற்கும் முன்பு படத்தையே சோதியுங்கள். செய்திப்படங்களில் வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் எடுத்த துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு வெட்டையும் தனிக் காட்சியாகவே பாருங்கள். முந்தைய துண்டில் கண்டுபிடித்ததை அடுத்ததற்கு ஏற்றாதீர்கள். வி.எல்.சி. பிளேயரில் ஆங்கில 'ஈ' விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். நேர்ப்பக்கவாட்டில் சக்கரங்கள் வட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 4:3 படத்தை 16:9-க்கு இழுத்திருந்தால் சக்கரம் படுத்த முட்டை வடிவமாகும், டாங்கியும் நீண்டு தெரியும். சாதாரண எம்4-ஐ நீளமான ஏ4 என்று நம்பவைக்க இந்த ஒரு கோளாறு போதும்.

அடுத்து, படம் இடவலம் மாறியிருக்கிறதா? ஷெர்மனில் ஓட்டுநர் இடப்பக்கம், முன்தகட்டு இயந்திரத் துப்பாக்கி வலப்பக்கம். டரட்டில், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேல்கூண்டில், தளபதியின் மூடியும் வலப்பக்கமே. தொடக்ககால 75 மி.மீ. வண்டிகளில் குண்டு அடுக்கியிருக்கும் இடத்துக்கு வெளியே கூடுதல் தகடுகளைப் பற்றவைத்தார்கள்: வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. ஒரே பக்கம் மட்டும் தெரியும் காட்சியில் இந்தத் தகடுகளை எண்ணினாலே விடை கிடைத்துவிடும்.

இனி உடல். விளிம்புகள் தேய்ந்த சோப்புக்கட்டி போல உருண்டிருந்தால் வார்ப்பு, அதாவது ஏ1. ஆனால் முகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிற்கால எம்4 சிலவற்றில் முன்பாதி வார்ப்பு, பின்பாதி வெல்டிங். பக்கத் தகட்டின் மேல்விளிம்பு பின்னால் போகப்போகக் கூர்மையாகிறதா என்பதையும் பார்த்தாகவேண்டும்.

வெல்டிங் உடல் என்றால் போகிகளுக்கு, அதாவது சக்கரங்களைத் தாங்கும் அமைப்புகளுக்கு வாருங்கள். பக்கத்துக்கு மூன்று போகி, ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம். ஏ4-இன் பெரிய எஞ்சினுக்காக உடலை நீட்டியதால் போகிகளுக்கு நடுவே இடைவெளி பளிச்சென்று தெரியும். மற்றவற்றில் அடுத்தடுத்த போகிகளின் சக்கரங்கள் நெருக்கமாக நிற்கும். டிராக் கண்ணிகள் ஏ4-க்குப் பக்கத்துக்கு 83, மற்ற வகைகளுக்கு 79. புழுதியோ புல்லோ கீழ்ப்பகுதியை மறைத்தால் எஞ்சின் மேல்தளத்தைப் பாருங்கள். டரட்டுக்குப் பின்னால் புடைப்பு இருந்தால் ஏ4. கனத்த மூடியுள்ள காற்றுத் துளையும் அதன் பின்னே மூடிய தகடும் இருந்தால் எம்4 அல்லது ஏ1. அகலமான கம்பித்தட்டிக் கதவுகள் இருந்தால் ஏ2 அல்லது ஏ3. முன்பக்கத்தை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிப்பது கடினம். வண்டி திரும்பிப் போகும் ஃபிரேமைத் தேடுங்கள்.

முன்தகட்டுச் சாய்வு செங்குத்திலிருந்து 56 டிகிரி என்றால் மேலே ஓட்டுநர் கூடுகள் புடைத்து நிற்கும். இது முந்தைய உடல். பிற்கால உடலில் 47 டிகிரி, மூடிகளும் பெரியவை. ஏ4-க்கு 47 டிகிரித் தகடு கிடையாது.

பீரங்கியை இப்போது பார்க்கலாம். 76 மி.மீ. பீரங்கி ஏ1, ஏ2, ஏ3 உடல்களில் மட்டும் வந்தது. குட்டையும் தடிமனுமான 105 மி.மீ. ஹோவிட்சர் (குண்டை உயரமாக வளைத்து எறியும் பீரங்கி) எம்4, ஏ3-இல் மட்டும். மிக நீண்ட குழல், நுனியில் மசில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்கும் துளையுள்ள முனை), டரட்டின் பின்னால் ரேடியோப் பெட்டி, முன் துப்பாக்கி இருந்த இடத்தில் அடைத்த தகடு: இவை சேர்ந்தால் பிரிட்டன் மாற்றியமைத்த ஷெர்மனான ஃபயர்ஃபிளை. அதன் குழலின் முன்பாதிக்கு அடியில் வெளிர் நிறம் பூசி, நீளம் தெரியாதபடி மறைப்பார்கள். மங்கலான படத்தில் அது 75 மி.மீ. போலவே ஏமாற்றும். ரேடியோப் பெட்டியும் அடைத்த தகடும்தான் அங்கே காட்டிக்கொடுக்கும்.

அகலமான டிராக்கும் இரட்டைச் சக்கரங்களும் கண்டதும் எம்4ஏ3இ8 என்று எழுதிவிடாதீர்கள். அதே சஸ்பென்ஷன் (வில்சுருள்கள் கிடையாகப் படுத்திருக்கும் வகை) ஏ1, ஏ2-விலும் உண்டு.

கடைசியாக, முடிவைக் காலத்தோடும் இடத்தோடும் உரசிப் பாருங்கள். 76 மி.மீ. ஏ1 போரில் இறங்கியது 1944 ஜூலையில், நார்மண்டியின் கோப்ரா நடவடிக்கையில். 1943 என்று தலைப்பிட்ட போர்க்காட்சியில் அது தெரிந்தால் தலைப்பைத்தான் சந்தேகிக்கவேண்டும். சோவியத் படைக்குப் போனவை பெரும்பாலும் ஏ2. 1943 நவம்பரில் பசிபிக் தீவான தராவாவில் அமெரிக்க மரைன்களிடம் இருந்ததும் ஏ2. ஏ4-ஐப் பெரும்பாலும் பிரிட்டனும் அதன் நேசப் படைகளும் வாங்கின. 1945-இல் பர்மாவின் மெய்க்டீலாவை நோக்கி முன்னேறிய இந்தியப் படைப்பிரிவுகளிடமும் ஷெர்மன்கள் இருந்தன.

மணல்மூட்டை, மரக்கட்டை, உதிரி டிராக் எல்லாம் உடலை மூடியிருந்தால் பாதி அடையாளமே கிடைக்கும். பதிவிலும் அந்தப் பாதியை மட்டும் எழுதுங்கள்: "02:14, வெல்டிங் உடல், 56 டிகிரி, 75 மி.மீ., கம்பித்தட்டிக் கதவுகள்; ஏ2 அல்லது ஏ3; எஞ்சின் தளத்தின் பின்பகுதி தெரியவில்லை."