தாவரக் கழிவிலிருந்து ரசாயனம் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சக்கை, உமி, வைக்கோல் எதை எடுத்தாலும் சரி, பாட்டிலில் வரும் சுத்தமான சைலோஸை (தாவர நாரிலிருந்து கிடைக்கும் ஒரு சர்க்கரை) வைத்து வினையூக்கியைச் சோதித்துவிட்டு, அதே விளைச்சலைக் கழிவிலும் எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. கழிவில் பொட்டாசியமும் கால்சியமும் இருக்கும். திட அமில வினையூக்கியில் புரோட்டான் இருக்க வேண்டிய இடத்தை இவை பிடித்துக்கொள்ளும், அமிலத்தன்மை சரசரவென்று இறங்கிவிடும். வினையூக்கி மோசம் என்று முடிவுகட்டும் முன் கழிவை நீர்த்த அமிலத்தில் கழுவிப் பாருங்கள், சாம்பல் எவ்வளவு என்றும் அளந்துவிடுங்கள்.

அடுத்தது எனக்கு ரொம்பவே கோபம் வரவழைப்பது. "ஐந்து முறை பயன்படுத்தினோம், விளைச்சல் குறையவே இல்லை" என்பார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்க்கரை முழுக்கத் தீரும்வரை ஓட்டியிருப்பார்கள். வினையூக்கி தேவைக்கு மேல் இருந்தால் அதில் பாதி செத்துப்போனாலும் 100 சதவீதம்தான் காட்டும். 30 சதவீதம் மாறியதும் நிறுத்தி, அந்த வேகத்தை ஒப்பிடுங்கள். அப்புறம், சூடு ஆறாமலே வினையூக்கியை வடிகட்டிவிட்டு, மீந்த திரவத்தை மட்டும் தொடர்ந்து சூடாக்குங்கள். வினை நிற்காமல் நடந்தால் உலோகமோ அமிலமோ கரைந்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். ஆறவிட்டு வடிகட்டினால் கரைந்தது திரும்பப் படிந்துவிடலாம், உண்மை தெரியாது.

தண்ணீரையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். எண்ணெய் சுத்திகரிப்பில் நன்றாக உழைக்கும் காமா அலுமினா என்ற வினையூக்கிப் பொருள், 200 டிகிரி வெந்நீரில் போமைட் என்ற வேறொரு அலுமினியக் கனிமமாக மாறி நுண்துளைகளை இழக்கிறது. நுண்துளைகள் நிறைந்த இன்னொரு வினையூக்கியான ஒய் வகை ஜியோலைட்டும் அந்தச் சூட்டில் உருக்குலையும்.

சைலோஸிலிருந்து உருவான ஃபர்ஃபியூரல் என்ற ரசாயனத்தை வினைக்கலத்திலேயே விட்டுவைப்பது இன்னொரு தவறு. அது சர்க்கரையோடும் தன்னோடும் சேர்ந்து ஹியூமின் என்ற கருப்புப் படிவாகிவிடும். குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1920களின் தொடக்கத்தில் ஓட்ஸ் உமியிலிருந்து ஃபர்ஃபியூரல் தயாரித்தபோதே, நீராவியைச் செலுத்தி அதை உடனுக்குடன் வெளியே எடுத்தார்கள். நேரத்தை நீட்டினால் விளைச்சல் கூடும் என்று நம்புகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

விளைச்சல் எடையிலா மோலிலா (மூலக்கூறு எண்ணிக்கையிலா) என்று எழுதுங்கள். 100 கிராம் சைலோஸ் முழுவதும் மாறினாலும் 64 கிராம் ஃபர்ஃபியூரல்தான் கிடைக்கும்.

கடைசியாக, டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானில் ஹெச்எம்எஃப் (சர்க்கரையிலிருந்து கிடைக்கும், ஃபர்ஃபியூரலைப் போன்ற ஒரு ரசாயனம்) விளைச்சல் அருமையாக வரும். ஆனால் பிரித்தெடுக்க அந்தக் கரைப்பானைக் கொதிக்கவைக்கப் போனால், அது கொதிப்பதே 189 டிகிரியில், அந்தச் சூட்டில் ஹெச்எம்எஃப் கெட ஆரம்பிக்கும். பிரிக்கும் வழியை முடிவுசெய்த பிறகே கரைப்பானைத் தேர்ந்தெடுங்கள்.