30 பேருக்கு 30 தாள் போதாது: மொகுஹங்கா பரிமாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அச்சுப் படங்களை மாற்றிக்கொள்ளும் பிரிண்ட் எக்ஸ்சேஞ்சில் முதல்முறை சேர்ந்தபோது, 30 பேருக்கு அனுப்ப வேண்டும் என்பதால் சரியாக 30 தாளை நனைத்தேன். எல்லா வண்ணமும் அடித்து முடித்தபோது தேறியது 19. சிலவற்றில் வண்ணம் கோட்டை விட்டு வெளியே நின்றது. இரண்டில் என் கட்டைவிரல் ரேகை படத்தைவிடத் தெளிவாக விழுந்திருந்தது. மீதியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. புதிதாகத் தாள் நனைத்து மறுபடி உட்கார்ந்தால், பழைய நீலம் எவ்வளவு கலந்தும் வரவில்லை. ஒரே எடிஷனில், அதாவது ஒரே படத்தின் பிரதிகளுக்குள், இரண்டு நீலம். கீழே இருக்கும் தவறுகளில் பாதி அந்த ஒரே வாரத்தில் நான் செய்தவை. மீதி, கூட இருந்தவர்கள் செய்துவிட்டு என்னிடம் சொல்லிச் சிரித்தவை.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. மொகுஹங்கா என்பது ஜப்பானிய மரக்கட்டை அச்சு. நம் ஓவியக் கல்லூரிகளில் வுட்கட் என்றால் எண்ணெய் மை, ரோலர், பிரஸ். இதில் அந்த மூன்றும் கிடையாது. நீரில் கரைத்த நிறமியையும் நோரி என்ற அரிசிப் பசையையும் கட்டையின் மேல் பிரஷால் தேய்த்து, வாஷி என்ற ஜப்பானியத் தாளை ஈரமாக அதன்மேல் வைத்து, மூங்கில் மடல் போர்த்திய பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகில் தேய்த்து எடுப்பார்கள். எக்ஸ்சேஞ்ச் என்பது இந்தக் கலைக்காரர்களின் மொய் மாதிரி. ஒவ்வொருவரும் ஒரு படம் செதுக்கி, எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்களோ அத்தனை பிரதி அடித்து ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புவார்கள். அவர் பிரித்து அடுக்கி ஆளுக்கு ஒரு தொகுப்பாகத் திருப்பி அனுப்புவார். ஒன்றைச் செதுக்கி முப்பதை வாங்குகிறோம்.

பழக்கம் பழையது. 1765 புத்தாண்டை ஒட்டி எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், கவிதைக் குழுக்களைச் சேர்ந்த வசதியானவர்கள் படநாட்காட்டிகளை அச்சிட்டு ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். அந்த ஆண்டில் எது 30 நாள் பெரிய மாதம், எது 29 நாள் சின்ன மாதம் என்ற எண்கள் படத்துக்குள்ளேயே, உடையின் பூவேலையிலோ மடிப்பிலோ ஒளிந்திருக்கும். யாருடையது அழகு என்ற அந்தப் போட்டாபோட்டியில்தான் ஓவியர் ஸுஸுகி ஹருநோபுவின் கையில் பல வண்ண அச்சு முழு உருவம் எடுத்தது. ஓவியர் ஹொகுஸாயின் புகழ்பெற்ற அலைப் படம் எல்லாம் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து வந்தது.

சரி, தவறுகளுக்கு வருவோம்.

கணக்கைக் கடைசியில் போடுவது

எல்லாரும் படத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். எக்ஸ்சேஞ்சில் தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 30 பேர் என்றால் 30, குழுவின் சேமிப்புக்கு ஒன்று, உங்களுக்கு இரண்டு. முதல் நான்கைந்து தாள் எப்படியும் போகும், ஏனென்றால் காய்ந்த கட்டை முதலில் வண்ணத்தைத் தானே குடித்துவிட்டுத்தான் தாளுக்குத் தரும். பிறகு ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒன்றிரண்டு வீணாகும் என்று வையுங்கள். நான்கு வண்ணப் படத்துக்கு இப்போது நான் 45 தாள் நனைக்கிறேன். ஆறு வண்ணம் என்றால் 50. மிஞ்சினால் நஷ்டமில்லை, குறைந்தால் அந்த இரண்டாவது நீலம்தான்.

முதல் எக்ஸ்சேஞ்சுக்கே பத்து வண்ணப் படத்தைத் திட்டமிடுவதும் இதே கணக்குப் பிசகுதான். 40 தாள், பத்து வண்ணம் என்றால் 400 முறை தாளை வைத்து, தேய்த்து, எடுக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டு, கெடு நாளையும் வைத்துக்கொண்டு. இரண்டு கட்டை, மூன்று வண்ணம் போதும். யாரும் உங்களைக் குறைத்து மதிக்கப்போவதில்லை.

ஈரம்

மொகுஹங்காவின் முக்கால் பங்கு வேலை ஈரத்தைச் சமாளிப்பதுதான் என்று எனக்குத் தோன்றும். உளி வேலையை எல்லாரும் புகழ்வார்கள், ஆனால் படம் கெடுவது பெரும்பாலும் தாளில்.

முதல் தவறு, தாளை நேராகத் தண்ணீரில் முக்குவது. தாள் நனைந்திருக்கக் கூடாது, ஈரமாக இருக்க வேண்டும். தலைதுவட்டி முடித்த துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விட்டு ஒரு தாளில் அகலப் பிரஷால் தண்ணீர் தடவி, அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேலே பலகை வைத்து ஓர் இரவு விட்டுவிட்டால் ஈரம் தானாகச் சமமாகப் பரவும். பொறுமை இல்லாமல் ஒரு மணி நேரத்தில் பிரித்தால் நடுவில் ஈரம், ஓரத்தில் வறட்சி. அச்சில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

இரண்டாவது, வண்ணத்துக்கு வண்ணம் தாளைக் காயவிடுவது. ஈரத்தில் வாஷி விரியும், காய்ந்தால் சுருங்கும். காலையில் ஈரத்தில் கறுப்புக் கோடு அடித்து, மறுநாள் பாதி காய்ந்த தாளில் சிவப்பு அடித்தால் இரண்டும் பொருந்தவே பொருந்தாது. கட்டையைத் திட்டி என்ன பயன்? எல்லா வண்ணமும் ஒரே ஈரத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால் அடுக்கை மறுபடி உறையில் சுற்றி வைக்க வேண்டும்.

இங்கேதான் நம் ஊர் வெயிலும் புழுக்கமும் குறுக்கே வரும். ஏப்ரல் மே மாதங்களில் மின்விசிறிக்குக் கீழே அச்சடித்தால் பத்தாவது தாளுக்குள் முதல் தாள் அப்பளம். ஈர அடுக்கை மூன்று நாள் மேசையிலேயே விட்டால் பூஞ்சை. ஒருமுறை எனக்கு வந்த தொகுப்பிலேயே ஒரு தாளில் இளஞ்சாம்பல் புள்ளிகள் இருந்தன. அனுப்பியவர் பனித்துளி என்று சமாளித்தார். இடையில் வேலை நின்றுபோனால் ஈர அடுக்கை உறையோடு ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்து, உருகவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது, தாளே தவறாக இருப்பது. கோஸோ என்ற, முசுக்கொட்டைக் குடும்பத்து மரப்பட்டையின் நாரில் செய்த தாள் நீளமான இழைகள் கொண்டது, ஈரத்தில் பலமுறை தேய்த்தாலும் தாங்கும். தூரிகை எழுத்துக்கான தாளும் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் அதில் தோஸா பூச்சு இருக்காது. தோஸா என்பது விலங்குப் பசையும் படிகாரமும் கலந்த கரைசல். அது இல்லாத தாளில் வண்ணம் கசியும், பாரெனின் கீழே பஞ்சு பஞ்சாக எழும்பும். வாங்கும்போதே அச்சுக்கான தாளா, பூச்சு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

கென்டோ

கட்டையின் ஓரத்திலேயே செதுக்கிய இரண்டு சின்ன நிறுத்தங்கள்தான் கென்டோ. ஒன்று மூலைக்கு, ‘ட’ எழுத்தைப்போல. மற்றொன்று அதே விளிம்பில் கொஞ்சம் தள்ளி, நேர்கோடு. தாளின் மூலையும் விளிம்பும் இவற்றில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வண்ணமும் தன் இடத்தில் விழும். அச்சுக் கலைஞர் யொஷிதா ஹிரோஷி 1937-இல் வெளியிட்ட நிக்கோ யோமெய் வாயில் படத்தில் ஒரே தாள் 96 முறை அச்சுக்குள் போனது. அதைத் தாங்கியது இந்தச் சின்ன வெட்டுகள்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப்போன அவர், மதுரைக் கோயிலையும் இதே முறையில் அச்சாக்கியிருக்கிறார்.

ஒவ்வொரு கட்டையிலும் அளவுகோல் வைத்துத் தனித்தனியாகக் கென்டோ வெட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். முதலில் கோட்டுக் கட்டையைக் கென்டோவோடு சேர்த்துச் செதுக்கி, அதிலிருந்து மெல்லிய தாளில், கென்டோ குறிகளும் விழும்படி, வண்ணத்துக்கு ஒன்றாகப் பிரதி எடுங்கள். அவற்றை வண்ணக் கட்டைகளில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்கினால் எல்லாக் கட்டைக்கும் ஒரே தாய். அந்த ஒட்டும் பிரதியை மட்டும் அதிகம் நனையாத தாளில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் விரிந்த அளவோடு ஒட்டிவிடுவீர்கள்.

இன்னொன்று ஆழம். கென்டோ ஆழமாக இருந்தால் தாளின் விளிம்பு குழிக்குள் இறங்கி மடங்கும். தாள் தட்டி நிற்கும் அளவு போதும், சுவர் மட்டும் செங்குத்தாக இருக்கட்டும்.

பசை, பாரென், சாமான்கள்

பசை அதிகமானால் தாள் கட்டையோடு ஒட்டும், வண்ணம் பளபளக்கும். குறைந்தால் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிக்கு ஜப்பானியர்கள் கோமா-ஸுரி, எள் அச்சு என்று பெயர் வைத்து வேண்டுமென்றே செய்வதும் உண்டு. நீங்கள் வேண்டுமென்று செய்ததா இல்லையா என்பது முப்பதும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதிலேயே தெரிந்துவிடும்.

பாரெனின் மூங்கில் மடலில் ஒரு துளி காமெலியா எண்ணெய் தடவுவார்கள், வழுக்கிக்கொண்டு ஓட. நான் தேங்காயெண்ணெய் தடவினேன். ஒரு துளி என்பதை நம் ஊர்க் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டேன் போல. தாளின் முதுகெல்லாம் வறுவல் பொட்டலம்.

சாமான் வாங்குவதில் பெரிய தவறு 12 உளி கொண்ட மலிவு செட். நல்ல கத்தி ஒன்று, வளைவு உளி இரண்டு, தட்டை உளி ஒன்று, 1000 மற்றும் 6000 எண் சாணைக்கல். இவ்வளவு இருந்தால் ஓராண்டு ஓட்டலாம். மொன்னை உளி கோட்டை வெட்டாது, பிய்க்கும். கட்டைக்கு எம்.டி.எஃப். என்ற மரத்தூள் பலகை வேண்டாம், தண்ணீரில் உப்பிவிடும். ஜப்பானில் இன்று பலர் ஷினா என்ற மென்மையான மரத்தின் பிளைவுட்டைப் பயன்படுத்துகிறார்கள். பழைய கலைஞர்களின் மலைச்செர்ரி மரம் நமக்கு எட்டாத விலை.

நான்கு பேர் சேர்ந்து தருவித்தால் அனுப்பும் செலவு குறையும். ஆனால் சுங்கவரியை யார் கட்டுவது, தாள் மடங்கி வந்தால் யார் நஷ்டம் என்று பேசாமல் ஆர்டர் போடாதீர்கள். நட்பு முறிந்த கதைகள் எனக்குத் தெரியும்.

கையெழுத்து, உறை, சுவர்

படத்தின் கீழே விளிம்பில், பென்சிலால், இடப்பக்கம் 7/30 என்று எண், வலப்பக்கம் கையெழுத்து. பேனா வேண்டாம், ஈரம் பட்டால் ஊறும். 30 பேருக்கு 30 என்று போட்டுவிட்டு, மிஞ்சியதையும் எண் போட்டு விற்பது அநியாயம். உங்களுக்கான பிரதிகளில் ஏ.பி., அதாவது கலைஞரின் சொந்தப் பிரதி (ஆர்ட்டிஸ்ட்ஸ் புரூஃப்), என்று எழுதுங்கள். எண் போடும் வழக்கமே பின்னால் மேற்கிலிருந்து வந்தது, பழைய எடோ அச்சுகளில் அது கிடையாது. யொஷிதா தன் மேற்பார்வையில் அச்சான பிரதிகளுக்கு ‘ஜிஸுரி’, அதாவது சுயமாக அச்சிட்டது என்ற முத்திரையை விளிம்பில் வைத்தார்.

முழுதாகக் காயாமல் அனுப்பாதீர்கள். மேலும் கீழும் உறிஞ்சு தாள் வைத்து, பலகையின் கீழே சில நாள் தட்டையாகக் காய வேண்டும். குழாயில் சுருட்டி அனுப்பினால், முப்பது சுருளையும் நிமிர்த்தும் வேலை ஒருங்கிணைப்பாளர் தலையில்தான் விழும். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே, தாளுக்குத் தாள் மெல்லிய அமிலமற்ற தாள் வைத்துத் தட்டையாக அனுப்புங்கள்.

கண்காட்சியில் நான் பார்க்கும் தவறு கண்ணாடி அச்சைத் தொட்டுக்கொண்டிருப்பது. நம் ஊர் ஈரப்பதத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நடுவே மவுண்ட் அட்டை இருக்கட்டும். பின்னால் செலோடேப் வேண்டாம், மாவுப் பசையும் வாஷித் துண்டும் போதும்.

“சூப்பர்” என்று மட்டும் சொல்வது

குழுவில் யாராவது புரூஃபை, அதாவது சோதனை அச்சை, காட்டினால் கைதட்டல் எளிது. அவருக்கு வேண்டியது “இடது ஓரத்தில் பசை குறைவு” என்ற ஒரு வரி. அதேபோல், சொதப்பியதை மறைத்துவிட்டு நல்ல பிரதியை மட்டும் காட்டுபவரால் மற்றவர்கள் எதையும் கற்க முடியாது.

அச்சுக் கலைஞர் ஒன்சி கோஷிரோ டோக்கியோவில் தன் வீட்டில் 1939 முதல் மாதத்தின் முதல் வியாழக்கிழமைகளில் அச்சுக் கலைஞர்களைக் கூட்டினார். இச்சிமொகுகாய், முதல் வியாழன் சங்கம், என்று பெயர். 1944-இல், போர் உச்சத்தில் இருந்தபோது, அவர்கள் ஆளுக்கொரு அச்சு சேர்த்து ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். அப்படியே 1950 வரை மொத்தம் ஆறு தொகுப்புகள் வந்தன. இன்றைய எக்ஸ்சேஞ்சுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த வீட்டு அறைதான் நினைவுக்கு வரும்.

கடைசித் தவறு, அனுப்பாமலே இருந்துவிடுவது. “சரியாக வரவில்லை, அடுத்த முறை” என்று ஒருவர் விலகினால் முப்பது பேரின் தொகுப்பிலும் ஒரு தாள் குறையும். நானும் அன்று விலகத்தான் நினைத்தேன். ஒருங்கிணைப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னபோது, இரண்டு நீலத்தையும் அனுப்பு, தொகுப்போடு ஒரு குறிப்பு வைக்கிறேன் என்றார். இரண்டு மாதம் கழித்து ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவருக்குப் போனது இரண்டாவது நீலம். எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டிருந்தார்.