இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் அளந்து பாருங்கள்: பழைய ஸ்பிட்ஃபயர் காரில் தேய்ந்த பாகங்களைக் கண்டறிந்து மாற்றும் முறை

பெரியப்பா விட்டுச் சென்ற டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 புதுச்சேரியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. 1296 சிசி, நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். போன வருடம் இழுவை குறைந்து, ஐடிலில் குலுங்க ஆரம்பித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "இன்ஜினை இறக்கிப் போர் போடணும், பிஸ்டன் செட் மாத்தணும்" என்றார்கள். போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. ஒரு கருவியும் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை, வண்டியைத் திருப்பி ஓட்டி வந்துவிட்டேன். வீட்டில் அளந்து பார்த்தபோது சிலிண்டரும் பிஸ்டனும் நன்றாகத்தான் இருந்தன. ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் தகடு, ஒன்று போயிருந்தது. அதைவிட ஆபத்தான இன்னொரு தேய்மானம், யாருமே சொல்லாதது, அடியில் ஒளிந்திருந்தது.

முதல் முறை கை வைப்பவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். 1961 முதல் சென்னையில் தயாரான அந்தக் கார், டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு. ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்ததுதான். இன்ஜின்களும் ஒரே குடும்பம். அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் மேனுவலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்

சிலிண்டர் அழுத்தம் அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ், மெல்லிய இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், சிறு நகர்வை முள்ளில் காட்டும், காந்த அடிப்பாகம் உள்ள ஒரு டயல் கேஜ், நட்டை அளவான பலத்தில் முடுக்கும் டார்க் ரென்ச், அங்குல அளவு ஸ்பேனர் செட், பனியன் வேஸ்ட். வண்டிக்கு அடியில் படுக்க நல்ல இரும்பு ஸ்டாண்டு நான்கு. ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ அடியில் போகவே கூடாது. இதில் எந்தச் சமாதானமும் கிடையாது.

ஸ்பிட்ஃபயரின் பானெட் முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முழுசாக முன்னால் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். புதிதாகக் கற்பவருக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற கார் அபூர்வம்.

புகையும் சத்தமும்

ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் பக்கம் சந்தேகப்படுங்கள். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் குபுக்கென்று நீலம் வந்தால் வால்வு கைடு, அதாவது வால்வின் தண்டு ஓடும் குழாய். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். கறுப்புப் புகை பெரும்பாலும் கார்புரேட்டர் வேலை, தேய்மானம் இல்லை.

ஆயில் பிரஷர் காட்டும் கேஜ் இந்தக் காரில் கிடையாது, விளக்கு மட்டும்தான். விளக்கின் ஸ்விட்சைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு கேஜ் பொருத்திப் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு 2000 ஆர்பிஎம்மில் 40 முதல் 60 பிஎஸ்ஐ இருந்தால் பேரிங்குகளைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறியிருந்தால், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது இங்கே பல வீடுகளில் ஏறியதைப் போல, செல்ஃப் அடிக்கும் முன் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தாலோ, மட்டம் ஏறியிருந்தாலோ இன்ஜினைச் சுற்றவே கூடாது.

கம்ப்ரெஷன் சோதனை

இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். காயில் வயரைக் கழற்றுங்கள். நான்கு பிளக்கையும் எடுத்துவிடுங்கள், ஒன்றை மட்டும் எடுத்து அளந்தால் கணக்கு தப்பும். கேஜை முதல் சிலிண்டரில் பொருத்தி, ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். முள் ஏறுவது நிற்கும்வரை, ஆறேழு சுற்று. அளவை எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

எனக்கு வந்தது 150, 145, 95, 100 பிஎஸ்ஐ. மொத்த அளவைவிட நான்கும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும்.

அப்புறம் குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை பிளக் துளை வழியாக விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் காற்று மேலே போகிறது, அதாவது வால்வு அல்லது கேஸ்கெட். எனக்கு ஏறவே இல்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்தே குறைந்திருந்தது இன்னொரு சாட்சி. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கேஸ்கெட் எரிந்து, ஒன்றின் அழுத்தம் மற்றொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. கால் மணி நேரச் சோதனை. இதைச் செய்யாமல் போர் போடச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

யாரும் பார்க்காத இடம்: த்ரஸ்ட் வாஷர்

இந்த இன்ஜின் குடும்பத்தைக் கொல்வது போரும் இல்லை, ரிங்கும் இல்லை, பிறை வடிவத்தில் இருக்கும் இரண்டு சின்னத் தகடுகள். பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பது இவைதான். கிராங்கைத் தாங்கும் பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் பிளாக்கில் உட்கார்ந்திருக்கும், முழு வட்டம்கூட இல்லை, பாதிதான். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னால் தள்ளப்படும், அந்தச் சுமை முழுக்கப் பின்பக்கத் தகட்டின் மேல் விழும். அது தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் நழுவி, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். பிளாக் போனால் இந்தக் காருக்கு நம் ஊரில் இன்னொன்று தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

சோதிப்பது மிக எளிது. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் கிளட்சை மிதித்து விடட்டும், நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். சரியாக அளக்க, டயல் கேஜின் முனையைப் புல்லியின் முகத்தில் வைத்து, புல்லியைப் பின்னால் தள்ளி, முள்ளை பூஜ்யத்தில் நிறுத்தி, கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். என் காரில் 0.45.

ஹெட் கேஸ்கெட் மாற்றுதல்

பேட்டரியைக் கழற்றி, ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, கார்புரேட்டர்களை எடுத்து, எக்ஸாஸ்ட் பைப்பைப் பிரித்த பிறகு ராக்கர் கவரைத் திறங்கள். ராக்கர் ஷாஃப்டை எடுத்ததும் எட்டு புஷ் ராடுகள் தெரியும். ஒவ்வொன்றையும் சற்றுத் திருகிவிட்டு உருவுங்கள், இல்லாவிட்டால் கீழே அதைத் தூக்கிவிடும் டாப்பெட்டும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எது எந்த இடத்திலிருந்து வந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். ஒரு ஸ்வீட் பாக்ஸ் மூடியில் எட்டுத் துளை போட்டு எண் எழுதிச் செருகி வைத்தேன்.

ஹெட் நட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல், கால் சுற்று, அரைச் சுற்று என்று மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். கடற்கரை ஊர் வண்டிகளில் ஹெட் ஸ்டடுகளில் துருப்பிடித்து இறுகிவிடும். இடுக்கில் ஸ்குரூடிரைவரை அடித்து நெம்பக் கூடாது, முகம் கீறிவிட்டால் புதுக் கேஸ்கெட்டும் நிற்காது. முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்டி எடுத்தேன்.

இரண்டு முகங்களையும் சுத்தம் செய்து, நேரான இரும்பு ஸ்கேலைக் குறுக்காக வைத்து ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து முகம் மட்டம் செய்ய வேண்டும். ஹெட் கையில் இருக்கும்போதே வால்வுகளையும் கிரைண்ட் செய்துவிடுவது நல்லது. புதுக் கேஸ்கெட்டை வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவல் சொல்லும் டார்க் அளவை மூன்று தவணையாக ஏற்றி முடுக்குங்கள்.

வால்வு இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, 0.010 அங்குலம், அதாவது 0.25 மில்லிமீட்டர். வால்வுகளை முன்பக்கத்திலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்ளுங்கள். எந்த வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள், வரும் எண்ணுள்ள வால்வை சரிசெய்யுங்கள். எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவது, மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது.

த்ரஸ்ட் வாஷர் மாற்றுதல்

இதற்கு இன்ஜினை இறக்கவே வேண்டாம். ஆயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றினால் போதும். சம்ப்பின் முன்பக்க போல்ட்டுகள் ஏறுவது ஒரு அலுமினியக் கட்டையில், அதன் மரை சீக்கிரம் வழுக்கிவிடும். திரும்ப மாட்டும்போது அங்கே பலம் காட்டாதீர்கள்.

பின் மெயின் பேரிங் கேப்பைக் கழற்றுங்கள். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று முதலிலேயே குறி வையுங்கள். பழைய தகட்டின் ஒரு முனையை மெல்லிய குச்சியால் தள்ளினால் கிராங்கைச் சுற்றி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கிராங்கின் முகத்தை விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் தொடரலாம், வரி வரியாக அரைபட்டிருந்தால் இன்ஜினை இறக்கத்தான் வேண்டும்.

புதுத் தகட்டில் ஆயில் தடவி அதே வழியில் ஏற்றுங்கள். பள்ளக் கோடுகள் இருக்கும் முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும், பிளாக்கைப் பார்த்து அல்ல. திருப்பிப் போட்டால் சில நாட்களில் தேய்ந்துவிடும். கேப்பை மேனுவல் அளவுக்கு முடுக்கி மறுபடி டயல் கேஜில் பாருங்கள். சாதா அளவுத் தகடுகளோடு எனக்கு 0.24 வந்தது. பின்பக்கம் மட்டும் 0.005 அங்குலம் தடிமன் கூடிய தகட்டைப் போட்டதும் 0.11. சாமான் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும் என்பதால், கேஸ்கெட், சாதா தகடு, தடித்த தகடு மூன்றையும் சேர்த்தே வரவழையுங்கள். இல்லாவிட்டால் சம்ப் இல்லாமல் வண்டி வாரக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்கும்.

முதல் ஸ்டார்ட்

20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி, பிளக் மாட்டாமல், காயில் வயரைக் கழற்றிய நிலையில், ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். அதற்குப் பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள், இனி எப்போதும் அப்படித்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் தகட்டின் மேல் ஆயில் படலமே இருக்காது, அந்த நேரத்தில் கிளட்ச் மிதிப்பது அதை உலர்ந்த நிலையில் தேய்ப்பது. சிக்னலில் நிற்கும்போதும் கிளட்சிலேயே காலை வைத்திராமல் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.

நான் அரியாங்குப்பம் வழியாகக் கடலூர் மஞ்சக்குப்பம் வரை நிதானமாக ஓட்டிப் போய்த் திரும்பினேன். மறுநாள் குளிர்ந்த பிறகு வால்வு இடைவெளியை இன்னொரு முறை பார்த்தேன், இரண்டு மட்டும் சற்று மாறியிருந்தன. கம்ப்ரெஷன் 150, 145, 145, 150. கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் 0.11 என்று எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த ஆயில் மாற்றும்போது புல்லியில் டயல் கேஜை வைத்து அதற்குக் கீழே புது அளவை எழுத வேண்டும்.