லீவு கூடிவிட்டது என்று வேலையால் நிற்பாட்டினால் என்ன செய்வது

இலங்கையில் கிளிநொச்சியோ புதுக்குடியிருப்போ வவுனியாவோ, ஆடைத் தொழிற்சாலையோ சுப்பர் மார்க்கெட்டோ பைனான்ஸ் கம்பனியோ, லீவு கூடிப்போச்சு என்று ஒருவரை நிற்பாட்டுகிற நாளில் அவருக்கு முன்னால் ஒரு தாள் வரும். "எனது சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று அதில் இருந்தால் கையெழுத்து வைக்க வேண்டாம். வைத்தால்தான் சம்பளம், வைத்தால்தான் சேவிஸ் லெட்டர் (அங்கே வேலை செய்ததற்கான கடிதம்) என்பார்கள். செய்த வேலைக்குச் சம்பளம் தர உங்களுடைய ராஜினாமா தேவையில்லை. விலகுகிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தபிறகு, இல்லை, அவர்கள்தான் நிற்பாட்டினார்கள் என்று காட்டுவது பெரும்பாடு. தாள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வாசித்துப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இதைவிடக் கூடுதலாக ஆட்கள் மாட்டுகிற இடம் இன்னொன்று. கம்பனி "நாங்கள் நிற்பாட்டவில்லை, அவர்தான் வராமல் வேலையைக் கைவிட்டுப் போய்விட்டார்" என்று கடிதம் போடும். சட்டத்தில் வேலையைக் கைவிடுவது என்றால் வராமல் இருந்தது மட்டும் போதாது, இனி வருவதில்லை என்கிற எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்று நமது மேல்மட்ட நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்கோ, 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஊருக்குள் வந்தபோது பாடசாலையில் பிள்ளைகளோடு தங்கியிருந்தவருக்கோ அந்த எண்ணம் எங்கே இருந்திருக்கப் போகிறது? ஆனால் ஒரு சிக்கல். நிற்பாட்டினோம் என்று கம்பனி ஒத்துக்கொண்டால் ஏன் என்று காட்டுவது அவர்கள் பொறுப்பு. நிற்பாட்டவே இல்லை என்று மறுத்தால், நிற்பாட்டினார்கள் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். அதனால் திரும்ப வேலைக்குப் போனதற்கு அடையாளம் வேண்டும். கேற்றில் செக்கியூரிற்றி திருப்பி அனுப்பினால் அன்றைக்கே, "இன்ன திகதி இத்தனை மணிக்கு வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, நான் வேலை செய்யத் தயார்" என்று நாலு வரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபாலகம் தரும் ரசீதுத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். தமிழில் எழுதினால் போதும். சூப்பவைசருக்கு லீவு கேட்டுப் போட்ட வட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம், போன் மாற்றுகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

எத்தனை நாள் லீவு உங்களுக்கு உரியது என்று தெரிந்திருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். கடை, அலுவலக வேலை என்றால் 1954 இன் 19 ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் ஆண்டு லீவு, 7 நாள் அமய லீவு (கசுவல் லீவு). முதல் வருடத்தில் அமய லீவு இரண்டு மாதத்துக்கு ஒரு நாள்தான். சொந்த அலுவல், சுகயீனம் எல்லாம் அந்த 7 நாளுக்குள்தான் அடங்கும், நோய்க்கென்று தனி லீவு அந்தச் சட்டத்தில் இல்லை, நியமனக் கடிதத்தில் கூடுதலாக இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். தொழிற்சாலை வேலைக்கு, அந்தந்தத் தொழிலுக்கென்று உள்ள சம்பளச் சபையின் (வேஜஸ் போர்ட்) விதிகள், தொழிலுக்குத் தொழில் வேறுபடும். பிரசவ லீவு 84 நாள், அது வராத நாள் கணக்கில் சேராது, கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிற்பாட்டவும் முடியாது. வராத நாளுக்கு வரவுப் படியை (ஒழுங்காக வந்ததற்குத் தரும் கூடுதல் காசை) வெட்டுவது வேறு, வேலையிலிருந்தே நீக்குவது வேறு. முதலாவது நடந்தது என்பதற்காக இரண்டாவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

15 பேராவது வேலை செய்கிற இடமென்றால், ஒழுக்காற்று நடவடிக்கையாக நிற்பாட்டுகிறவர்கள் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வேலை நீக்கம் பற்றிய 1971 இன் 45 ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வாயால் சொல்லிவிட்டு மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தால் தபால் முத்திரையுள்ள கடித உறையையும் சேர்த்து வையுங்கள். அப்புறம், உள்ளக விசாரணை வைக்கவில்லை என்பதாலேயே உங்கள் பக்கம் வென்றுவிடாது. விளக்கம் கேட்டார்களா, எச்சரித்தார்களா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

போக வேண்டிய இடம் தொழில் நியாய சபை (லேபர் ட்ரிபியூனல்), வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கிற இடம். வேலை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போட்டாக வேண்டும். ஊரில் நிறையப் பேர் இதைத்தான் தவறவிடுகிறார்கள்: தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தாயிற்று, அவர்கள் பேசிப் பார்க்கிறார்கள் என்று காத்திருப்பது, நடுவில் வயல் அறுவடை, கோயில் திருவிழா, ஆறு மாதம் போய்விடும். முறைப்பாடு கொடுங்கள், ஆனால் அதையே நம்பி இருந்துவிட வேண்டாம். நியாய சபை வேலையைத் திருப்பித் தரலாம், பின்சம்பளம் தரலாம், அல்லது நட்டஈடு. திரும்ப அந்தச் சூப்பவைசரிடம் போக மனமில்லாதவர்கள் நட்டஈடு கேட்கலாம், நான் பார்த்தவரை அதுதான் கூடுதல் நடக்கிறது. வடக்கில் நீதிமன்ற வேலை தமிழில் நடப்பதால் மொழிக்குப் பயப்படத் தேவையில்லை. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள், தொழிற்சங்கம் இருந்தால் அவர்களும் உங்களுக்காக விண்ணப்பிக்கலாம்.

காசு விசயம். லீவுக்காக நிற்பாட்டப்பட்டவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம். 15 பேராவது வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 30 நாளுக்குள். மோசடி, காசு கையாடல், சொத்தை வேண்டுமென்றே சேதப்படுத்தல் போன்றவற்றுக்கு, அந்த நட்டத்தின் அளவுக்குத்தான் அதைப் பிடிக்கலாம், வராமல் இருந்ததற்கு இல்லை. ஈ.பி.எவ் (ஊழியர் சேமலாப நிதி) உங்கள் 8 வீதமும் அவர்களின் 12 வீதமும் அப்படியே இருக்கும், வயது வரும்வரை எடுக்க முடியாது என்பதுதான் குறை. ஈ.ரி.எவ் (ஊழியர் நம்பிக்கை நிதி) கம்பனி கட்டும் 3 வீதம், வேலை விட்டபின் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். கம்பனி ஒழுங்காகக் கட்டியதா என்று தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள், சம்பளச் சீட்டில் வெட்டிவிட்டுக் கட்டாமல் விட்ட இடங்களும் உண்டு.

உண்மையையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் மாதத்துக்கு ஐந்து நாள் வராமல் நின்று, எச்சரிக்கைக் கடிதம் இரண்டு மூன்று வந்தும் பதில் எழுதாதவருக்கு நியாய சபையில் அதிகம் கிடைக்காது. தகுதிகாண் காலத்தில் (புரொபேஷனில்) இருப்பவர்களுக்கும் வாய்ப்புக் குறைவு. மற்றவர்கள் மெடிக்கல் சான்றிதழ், கிளினிக் அட்டை, வெள்ளத்துக்குக் கிராம அலுவலர் கடிதம், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வந்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே போய்ப் பாருங்கள்.