இது யாருடைய கால்வாய்? தாமான் வேலைகளைத் தொடர்ந்து கவனித்து ஊராருக்குச் சொல்லும் முறை

தோட்டத் தொழிலாளர்களுக்கான லய வரிசை வீடுகளில் குடியிருந்த காலத்தில், குழாயில் தண்ணீர் நின்றாலும், விளக்கு எரியாவிட்டாலும், சாக்கடை அடைத்துக்கொண்டாலும் போக வேண்டிய இடம் தோட்ட அலுவலகம் ஒன்றுதான். கிராணியிடம் (அலுவலக எழுத்தரிடம்) சொன்னால் நிர்வாகியான துரையின் காதுக்குப் போகும். செய்வார்களோ மாட்டார்களோ, யாரைக் கேட்பது என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. தோட்டம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டு, மக்கள் மலிவு வீட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபெயர்ந்த பிறகு, அதே மூன்று குறைகளுக்கும் மூன்று வெவ்வேறு அலுவலகங்களின் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் போன்ற செம்பனை சூழ்ந்த ஊர்களில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், என் கோப்புகளில் சேர்ந்திருப்பதைக் கொண்டு இதை எழுதுகிறேன். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தை மனத்தில் வைத்து எழுதினாலும், பெரும்பகுதி மற்ற மாநிலங்களுக்கும் பொருந்தும்.

முதலில் உடைமையைக் கண்டறிய வேண்டும்

புகார் எழுதுவதற்கு முன், பழுதான பொருள் யாருடையது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். சாலையைப் பொறுத்தவரை இது எளிது, ஏனெனில் சாலையோரக் கிலோமீட்டர் கல்லே அதைச் சொல்லிவிடும். கல்லில் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசு சாலை; கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் வழியாகச் செல்லும் 5ஆம் எண் சாலை அவ்வகையைச் சேர்ந்தது. எண்ணுக்கு முன் மாநிலத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து இருந்தால் அது மாநிலச் சாலை. சிலாங்கூருக்கு பி, பேராக்கிற்கு ஏ, ஜொகூருக்கு ஜே, நெகிரி செம்பிலானுக்கு என் என்று மாநிலத்துக்கு மாநிலம் எழுத்து மாறும். இவ்விரு வகைச் சாலைகளுக்கும் பொதுப்பணி இலாகாவை, அதாவது ஜே.கே.ஆரைத்தான் அணுக வேண்டும். கல்லே இல்லாத தாமான் உட்சாலைகள் பொதுவாக ஊராட்சி மன்றத்தின் பொறுப்பில் இருப்பவை.

பொதுவாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய தாமானில் மேம்பாட்டாளர் சாலைகளையும் கால்வாய்களையும் மன்றத்திடம் முறைப்படி ஒப்படைக்காத வரையில், அவற்றைப் பழுதுபார்க்கும் பொறுப்பு மேம்பாட்டாளருடையதாகவே இருக்கிறது. ஆகவே தாமான் எப்போது ஒப்படைக்கப்பட்டது, அல்லது ஒப்படைக்கப்பட்டதா என்பதை மன்றத்தின் பொறியியல் பிரிவில் ஒரு முறை எழுத்து மூலம் கேட்டு, அந்தப் பதிலைக் கோப்பின் முதல் தாளாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு தாள் பல மாத அலைச்சலைத் தவிர்க்கும். தோட்டத்தின் உள்ளே செல்லும் செம்மண் சாலைகள் நிறுவனத்தின் தனியார் நிலத்தில் உள்ளவை. பள்ளிப் பேருந்து அன்றாடம் அவ்வழியே சென்றாலும், பொதுப் பணத்தைத் தனியார் நிலத்தில் செலவிட மன்றத்துக்கு எளிதில் வழியில்லை. இன்னும் தோட்ட வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்களின் தண்ணீர், கழிவறை, வீட்டுப் பழுது ஆகியவை தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தர நிர்ணயங்களை வகுக்கும் 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டத்தின் கீழ் வருவதால், அவர்கள் செல்ல வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா.

கால்வாய்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. வீட்டு வாசலில் ஓடும் சிறு கால்வாய் மன்றத்துடையது. அது சென்று கலக்கும் பெரிய வடிகாலும் ஆறும் பெரும்பாலும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தவை. எங்கள் தாமானின் கடைசி வரிசை வீடுகளில் மழைக்கு மழை கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. ஏழு மாதங்களில் நான்கு புகார்கள் அனுப்பினோம். நான்கு முறையும் ஆட்கள் வந்து எங்கள் கால்வாயைத் தூர்வாரிவிட்டுச் சென்றார்கள். ஐந்தாவது முறை வந்த தொழில்நுட்ப உதவியாளர், கால்வாயின் மேல்முகத்தை நோக்கி எங்களை அழைத்துக்கொண்டு நடந்தார். வேலிக்கு அப்பால், வெட்டி அடுக்கிய செம்பனை மட்டைகளைக் காலால் ஒதுக்கியபோது, வெள்ளைச் சாயம் போன ஓர் எல்லைக் கல் தெரிந்தது. அந்தக் கல்லைத் தாண்டித் தோட்டத்துப் பள்ளம் ஒன்று மட்டைகளால் அடைபட்டுக் கிடந்தது; அங்கே நின்ற தண்ணீர்தான் எங்கள் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தது. நாங்கள் ஏழு மாதங்களாகத் தவறான கதவைத் தட்டியிருக்கிறோம். தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும், அதன் நகல் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்பிய பிறகே வேலை நடந்தது. அன்று முதல், நிலத்தின் உடைமையில் ஐயம் வந்தால் நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தித் தனியார் தேடல் செய்து, பட்டாவில் இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டே கடிதம் எழுதுகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெருவிளக்கு மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் கம்பத்தில் பொருத்தப்பட்டிருந்தால், கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்நிறுவனத்தின் மைதிஎன்பி செயலி வழியே தெரிவிக்கலாம். தனி இரும்புக் கம்பமாக இருந்தால் மன்றத்துக்கு எழுத வேண்டும். மீட்டருக்கு முன் கசியும் குழாய் தண்ணீர் நிறுவனமான ஆயர் சிலாங்கூருடையது, மீட்டருக்குப் பின் கசிந்தால் வீட்டுக்காரருடையது. கழிவுநீர்க் குழாய்க்கு இண்டா வாட்டர். குப்பை சிலாங்கூரில் கே.டி.இ.பி. நிறுவனத்தின் பொறுப்பு, ஜொகூர், நெகிரி செம்பிலான், மலாக்கா, பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களில் திடக்கழிவு நிர்வாகத்துக்கான 672ஆவது சட்டத்தின்படி எஸ்.டபிள்யூ.கோர்ப் என்னும் திடக்கழிவுக் கழகத்தின் கண்காணிப்பில் உள்ளது.

புகாரை எழுதுவது, பதிலைப் படிப்பது

ஒரு புகாரில் ஒரு குறையைத்தான் எழுத வேண்டும். விளக்கு, குழி, தெருநாய் மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால், மூன்றில் எது எளிதோ அதைச் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். இது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல, ஒரு புகார் எண்ணுக்கு ஒரு பிரிவு என்ற முறையில் கணினி அமைந்திருப்பதே காரணம். கடிதம் மலாயில் இருப்பது நல்லது. இடத்தைச் சொல்லும்போது "கோயிலுக்குப் பக்கத்தில்" என்பது நமக்குப் போதும், புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரிக்குப் போதாது. தெருப் பெயர், அருகிலுள்ள வீட்டு எண், கம்பத்து எண் அல்லது கிலோமீட்டர் கல்லின் எண் ஆகியவை வேண்டும். படத்தில் குழி மட்டும் தெரிந்தால் அது எந்த ஊர்க் குழியாகவும் இருக்கலாம். பின்னணியில் ஒரு பெயர்ப்பலகையோ வீட்டு வாயிலோ தெரிய வேண்டும். மதிப்பீட்டு வரி ரசீதில் உள்ள கணக்கு எண்ணையும் குறிப்பிடுங்கள். ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்ட் இறுதிக்குள்ளும் நாம் செலுத்தும் வரிதான் இந்தச் சேவைகளுக்கான அடிப்படை.

புகார் எண் கிடைக்காத புகார், புகாரே அன்று. முகப்பிடத்தில் வாய்மொழியாகச் சொல்லி, "சரி ஐயா, பார்க்கிறோம்" என்ற பதிலோடு திரும்புபவர்கள் எத்தனையோ பேர். எண் வந்த பிறகு, நிலையைக் காட்டும் சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். "டாலாம் திண்டாக்கான்" என்றால் நடவடிக்கையில் இருக்கிறது என்று பொருள். ஆனால் அது யாரோ ஒருவருடைய மேசையில் இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் உறுதிப்படுத்தாது. "டிபாஞ்சாங்கான்" என்றால் வேறு இலாகாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. உடனே எந்த இலாகா, எந்தத் தேதி, எந்த எண் என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லையெனில் பழைய எண்ணைக் கொண்டு இனி எதையும் தேட முடியாது. "தியாடா பெருந்துக்கான்" என்பது ஒதுக்கீடு இல்லை என்பதாகும். பலர் இதை மறுப்பு என்று எண்ணிச் சோர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் இது பயனுள்ள பதில், ஏனெனில் வேலை தேவை என்பதை அலுவலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் தயாராகும்முன், ஆண்டின் நடுப்பகுதியிலேயே அந்தப் பதிலை இணைத்து, நம் பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினரிடம் கொடுக்கலாம். "செலெசாய்" என்றால் முடிந்தது. முடிந்ததா என்று போய்ப் பார்க்கும் வரை நான் அதைக் கோப்பில் எழுதுவதில்லை.

மன்ற உறுப்பினர் யார் என்பது பலருக்குத் தெரியாது. ஊராட்சித் தேர்தல்கள் 1965ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, பின்னர் ஊராட்சி மன்றங்களுக்கான 1976ஆம் ஆண்டின் 171ஆவது சட்டத்தின் கீழ் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறை வந்ததால், அவர்கள் வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வருவதில்லை. அந்தப் பெயர்களை நாமே மன்றத்தின் அகப்பக்கத்தில் தேடிக்கொள்ள வேண்டும். சிலாங்கூரில் இந்திய சமூகத் தலைவர்களும் நியமிக்கப்படுகிறார்கள். மலாய்க் கடிதம் எழுதத் தயங்கும் முதியவர்களுக்கு அவர்கள் நல்ல துணை.

திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

சட்டமன்ற உறுப்பினர் மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வந்தவுடன், மண்டபம் கட்டி முடிந்ததுபோல் செய்தி பரவிவிடுகிறது. அறிவிப்பு வேறு, ஒதுக்கீடு வேறு, குத்தகை வழங்கல் வேறு, தளத்தை ஒப்படைத்தல் வேறு. ஊராருக்கு எழுதும்போது இந்த நான்கில் எது நடந்திருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியவில்லையானால், அது அறிவிப்புக் கட்டத்தில்தான் இருக்கிறது என்று கொள்வது பெரும்பாலும் தவறாகாது.

குத்தகை வழங்கப்பட்டதா என்பதை அறிய, மன்றத்தின் அகப்பக்கத்தில் "செபுட் ஹர்கா" என்ற விலைக் கேட்புப் பகுதியையும் "டெண்டர்" பகுதியையும் பார்க்கலாம். முடிவுகள் வெளியிடப்படும்போது குத்தகையாளர் பெயரும் தொகையும் இருக்கும். கூட்டரசுத் திட்டங்களுக்கு மைபுரோகியூர்மென்ட் என்னும் தளம் இருக்கிறது. வேலை தொடங்கிவிட்டால் தளத்தில் ஒரு திட்டப் பலகை நடப்படும். அதன் எதிரே நின்று பொறுமையாகப் படியுங்கள். திட்டத்தின் பெயரில் "மெனாயெக் தாராஃப்" என்றிருந்தால் அது தரம் உயர்த்தும் வேலை. "மெம்பாய்க்கி" என்றிருந்தால் பழுதுபார்ப்பு மட்டுமே, புதிய கால்வாயை எதிர்பார்க்கக் கூடாது. "தாரிக் மிலிக் தாப்பாக்" குத்தகையாளர் தளத்தைப் பெற்ற நாள். "தாரிக் சியாப்" முடிக்க வேண்டிய நாள். இரண்டாவது தேதியின்மேல் வேறொரு தாள் ஒட்டப்பட்டிருந்தால், கால நீட்டிப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. பலகை நட்ட முதல் நாளிலேயே ஒரு படம் எடுத்து வைப்பது என் வழக்கம், ஏனெனில் பருவமழைக்குப் பின் பல பலகைகள் நிற்பதில்லை.

மன்றத்தின் முழுக் கூட்டம், மன்றம் வேறுவிதமாகத் தீர்மானிக்காதபோது, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது என்று 171ஆவது சட்டத்தின் 23ஆவது பிரிவு கூறுகிறது. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. நான் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்தபோது அங்கே என்னோடு இருந்தவர் ஒரே ஒரு நிருபர். பேச அனுமதியில்லை என்றாலும், எந்த வேலை ஏன் தள்ளிப்போனது என்பதை மூலத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். கூடுதல் ஆவணம் தேவைப்படும்போது, சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கிறோம் என்ற காரணத்தை விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். சொன்ன காரணத்துக்கு மாறாக அத்தகவலைப் பயன்படுத்துவது குற்றம்.

தோட்ட நிலம் வீடமைப்பாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறப்போவதை முன்கூட்டியே காட்டுவது உள்ளூர்த் திட்ட வரைவு. நகர், கிராமத் திட்டமிடலுக்கான 172ஆவது சட்டத்தின்படி அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 4 வாரங்கள் தரப்பட வேண்டும். அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வருவதால், அந்தக் காலம் யாருக்கும் தெரியாமலே கழிந்துவிடும். மாதத்துக்கு ஒரு முறையாவது மன்றத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவர சங்கத்தில் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஊராருக்கு எழுதும் குறிப்பு

"லோங்காங் (கால்வாய்) வேலை சீக்கிரம் முடியுமாம், ஒய்.பி. (சட்டமன்ற உறுப்பினர்) சொல்லிவிட்டார்" என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வரும் செய்தியால் யாருக்கும் பயன் இல்லை. எங்கள் குறிப்பு இவ்வாறு இருக்கும்:

"பிப்ரவரி 10. பாலர் பள்ளிக்கு எதிரே கால்வாய் மூடி உடைந்திருப்பது பற்றி 3ஆம் தேதி மன்றத்திடம் புகார் செய்தோம். தளத்தைப் பார்வையிட்டதாகவும், புதிய மூடிக்கு ஒதுக்கீடு கோரியிருப்பதாகவும் 9ஆம் தேதி மன்றத்திடமிருந்து எழுத்து மூலம் பதில் வந்தது. வேலை இன்னும் தொடங்கவில்லை. 24ஆம் தேதி மீண்டும் கேட்போம். அதுவரை பிள்ளைகளை எதிர்ப்பக்கமாக நடக்கச் சொல்லுங்கள்."

தேதி, யார் சொன்னது, எழுத்திலா வாய்மொழியிலா, எது நடக்கவில்லை, அடுத்து எப்போது கேட்போம் ஆகிய ஐந்தும் இருந்தால் குறிப்பு முழுமை பெறும். புதிய செய்தி இல்லாத வாரத்திலும் சொன்ன நாளில், "இன்று கேட்டோம், மாற்றம் இல்லை" என்று ஒரு வரி எழுதியாக வேண்டும்; மௌனம் நீடித்தால் வதந்தி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தவறாக எழுதிவிட்டால் பழையதை அழிக்காமல், திருத்தம் என்ற தலைப்போடு புதிதாக எழுதுகிறோம். கைப்பேசி பார்க்காத பெரியவர்களுக்காக அதே குறிப்பைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு மளிகைக் கடையிலும் கோயில் மண்டபத் தூணிலும் ஒட்டுகிறோம். புகார் செய்தவரின் பெயரையோ வீட்டு எண்ணையோ அதில் போடுவதில்லை.

வேலை முடிந்து குத்தகையாளர் சென்ற பிறகும் கோப்பை மூடக் கூடாது. குத்தகையில் பழுதுகளுக்குப் பொறுப்பேற்கும் காலம் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும்; அதற்குள் தெரியவரும் வெடிப்பையும் சரிவையும் குத்தகையாளர் தம் செலவிலேயே சீர்செய்ய வேண்டும். அந்தக் காலம் எப்போது முடிகிறது என்று மன்றத்திடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பெருமழை நின்றதும், வெயில் ஏறுவதற்குள் குடையோடும் கைப்பேசியோடும் சென்று, புதிய கால்வாயில் தண்ணீர் ஓடுகிறதா, எங்கேனும் தேங்கி நிற்கிறதா என்று பார்த்துப் படமெடுத்து, அன்று மாலையே அனுப்பிவிட வேண்டும்.